ஓரம் தேய்த்த கண்ணாடி

கொத்தனார்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் டொக்கு அக்கா. புதிதாகக் கட்டி முடித்த வீட்டுக்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த மறு நிமிடம் அந்தச் சத்தம் கிளம்பிவிடும்: டொக், டொக், டொக். கையில் ஒரு மெல்லிய கம்பி, அதன் நுனியில் கோலிக்குண்டு அளவுக்கு எஃகு உருண்டை. அதைக்கொண்டு தரையைத் தட்டிக்கொண்டே அறை அறையாகப் போவாள். அடியில் கலவை நிறைந்த டைல்ஸ் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். அடியில் காற்று இருப்பதுதான் காலிப் பானை மாதிரி பேசும். பேசுகிற டைல்ஸ் ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி.

"வந்துட்டாங்கப்பா, நம்ம மானத்தைத் தட்டிப் பார்க்க" என்பார் டைல்ஸ் மேஸ்திரி.

"மானம் ஒழுங்கா ஒட்டியிருந்தா சத்தம் வராது மேஸ்திரி, பயப்படாதீங்க" என்பாள் இவள்.

வீடு வாங்கியவர்கள் சாவியைக் கையில் வாங்குவதற்கு முன் அவளைக் கூப்பிட்டு, கட்டியதில் என்ன கோளாறு இருக்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள். அவள் பார்ப்பதோடு நிறுத்த மாட்டாள். குளியலறைத் தரையில் வாளித் தண்ணீரைக் கொட்டி, அது வடிகால் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் திரும்பி வருவதைக் காட்டி, ஏன் அப்படி வருகிறது, எந்த இடத்தில் எவ்வளவு கலவை குறைந்திருக்கும் என்பதையெல்லாம் அங்கேயே குந்தி உட்கார்ந்து சொல்லுவாள். கேட்பவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிகிற அந்தக் கணம் இருக்கிறதே, அதற்காகவே அவள் இந்த வேலைக்கு வந்தாள் என்றுகூடச் சொல்லலாம். அவளுடைய தம்பி கிண்டல் பண்ணுவான்: "குழாய் சொட்டுதுன்னு அக்காகிட்ட சொல்லிடாதீங்க. ஆறு எங்க பிறக்குதுங்கிறதுலேருந்து ஆரம்பிப்பா."

அப்படித்தான் ஃபிரேம் கடைக்காரர் வீட்டிலும் ஆரம்பித்தாள்.

ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக நிற்கும் வீடுகளில் கடைசி வீடு அவருடையது. குடிவந்து, சுவரில் விரிசல் கண்ட பிறகுதான் அவளைக் கூப்பிட்டிருந்தார். படங்களுக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டிக் கொடுப்பது தொழில். கல்யாணமான நாளிலிருந்து அவரும் மனைவியும் வாடகை வீடுகளில்தான். எந்த வீட்டுக்காரரும் முதலில் சொல்லும் வார்த்தை, "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது." ஊரில் பாதிப் பேர் வீட்டுச் சுவர்களை அலங்கரித்த மனிதர், தன் வீட்டில் ஒரு படம் மாட்ட முடியாமல் எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் செருகி வைத்திருந்தார். சொந்த வீட்டுக்கு வந்த அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆணி அடித்தாராம். "பக்கத்து வீட்டுக்காரங்க என்னவோ கட்சி ஆபீஸ் திறக்கிறாங்கன்னு நினைச்சிருப்பாங்க" என்று அவர் மனைவி சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் அறைக் கதவைத் திறந்து விரிசலைக் காட்டினாள். காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

பின்பக்கப் படுக்கையறை. ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து தரையை நோக்கிச் சாய்வாக இறங்கியது விரிசல். நேர்க்கோடாக இல்லை. படிக்கட்டு மாதிரி ஒரு படி கீழே, ஒரு படி பக்கவாட்டில்.

டொக்கு அக்கா தட்டவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்தாள். பிறகு வழக்கம்போல விளக்க ஆரம்பித்தாள். பூச்சு காயும்போது வரும் விரிசல் சிலந்தி வலை மாதிரி நாலா பக்கமும் ஓடும். அது தோலில் விழுந்த கீறல், ஒன்றும் பண்ணாது. படிக்கட்டு மாதிரி வந்தால், அது செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இருக்கிற இணைப்பு வழியாக வருகிறது. அதாவது சுவரே பிரிகிறது. வீட்டின் ஒரு மூலை மட்டும் கீழே இறங்கினால் இப்படி ஆகும்.

"வீடு எப்படி மேடம் இறங்கும்?" என்றாள் மனைவி.

"இந்த வரிசை முடியிற இடத்துல முன்னாடி ஒரு பெரிய பள்ளம் இருந்திருக்கு. மண்ணைக் கொட்டி மூடியிருக்காங்க. கொட்டின மண்ணு சும்மா கிடக்காது. மழைத் தண்ணி உள்ள போகப் போக, மூட்டையைக் குலுக்கினா அரிசி அமுங்குற மாதிரி அமுங்கும். மத்த மூணு மூலையும் கெட்டித் தரையில நிக்குது. இந்த மூலை மட்டும் அந்தப் பள்ளத்து மேல நிக்குது."

"நிக்குதா, இல்ல இன்னும் போகுதா?"

நல்ல கேள்வி. டொக்கு அக்காவுக்கு அந்த அம்மாளை அந்த நிமிடமே பிடித்துப்போனது. ஏனென்றால் விஷயமே அதுதான். ஒரு தடவை இறங்கிவிட்டு நின்றுபோன விரிசல் என்றால் அடைத்து வண்ணம் பூசிவிட்டு மறந்துவிடலாம். இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால் அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டி, கெட்டி மண் வரை தூண் இறக்கித் தாங்க வேண்டும். சாவி கொடுத்து ஒரு வருஷத்துக்குள் அதை நிரூபித்தால் கட்டிக் கொடுத்த கம்பெனி அந்த வேலையைத் தன் செலவில் செய்தாக வேண்டும், ஒப்பந்தத்தில் இருந்தது. வருஷம் முடிந்துவிட்டால் அவரவர் தலையெழுத்து. இவர்களுக்கோ வாழ்நாள் சம்பாத்தியம் முழுவதும் இந்தச் சுவர்களுக்குள்தான் இருந்தது. கம்பெனி எஞ்சினியர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டு, "பூச்சு விரிசல்தாங்க, காலப்போக்குல நின்னுடும்" என்று சொல்லி, வெளிப்பக்கம் பட்டி பூசி அடைத்து வண்ணம் அடித்துவிட்டும் போயிருந்தான்.

டொக்கு அக்கா பையிலிருந்து மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தாள். விரல் நீளம், நகம் போன்ற கனம். விரிசலின் குறுக்கே அதை வைத்து, இந்தப் பக்கம் ஒரு உருண்டை, அந்தப் பக்கம் ஒரு உருண்டை என்று வெள்ளைச் சாந்து வைத்து ஒட்டினாள்.

"ரப்பர் இழுத்தா நீளும். மரம் கொஞ்சம் வளையும். கண்ணாடிக்கு ரெண்டும் தெரியாது. விரிசல் முடியளவு அகலமானாலும் போதும், பட்டுனு உடைஞ்சிடும். நம்ம கண்ணு ஏமாறும், இது ஏமாறாது."

"உடைஞ்சா?"

"விரிசலுக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். வீடு இன்னும் இறங்குது."

"உடையலன்னா?"

"நிம்மதியா தூங்கலாம்."

ஃபிரேம் கடைக்காரர் தொழில்காரர் கண்ணோடு அந்தத் துண்டைப் பார்த்தார். "நல்ல கண்ணாடி. ஓரம்தான் தேய்க்காம பச்சையா இருக்கு, கையைக் கிழிச்சிடும்" என்றார். மூவரும் தேநீர் குடித்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்ட திருப்தியோடு டொக்கு அக்கா வீடு திரும்பினாள்.

மழைக்காலம் நெடுக அவள் இடையிடையே வந்து பார்த்தாள். கண்ணாடி முழுசாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அறை வாசலில் நின்றபடியே அதைப் படம் எடுத்து, "அசைவில்லை" என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்காரருக்கும் கம்பெனிக்கும் அனுப்பினாள். அந்த அம்மாளின் முகம் வரவரத் தெளிந்தது. முன்பெல்லாம் விடிய விடியக் கண்ணைத் திறந்துகொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாளாம். "இப்பல்லாம் எழுந்ததும் முதல்ல அதோட முகத்துலதான் முழிக்கிறேன் மேடம். முழுசா இருக்கா, சரி, காபியைப் போடுன்னு போயிடுறேன்" என்றாள். டொக்கு அக்காவுக்கும் சந்தோஷம்தான். இந்த வேலையில் நல்ல செய்தி சொல்கிற பாக்கியம் அடிக்கடி வாய்க்காது.

வருஷம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கடைசிப் பார்வைக்கு வந்தாள். மழை நின்று வெயில் காய ஆரம்பித்திருந்தது.

அறைக் கதவைத் தள்ளினாள். கதவு தரையை உரசிக்கொண்டு பாதியில் நின்றது. போன தடவை திறந்தே கிடந்ததால் இதைக் கவனிக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஏதோ சரியில்லை. ரசமட்டத்தைக் கதவு நிலையின் மேல் வைத்தாள். குமிழி நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடிப் போய் ஒட்டிக்கொண்டது. பையிலிருந்து கோலிக்குண்டை எடுத்துத் தரையில் விட்டாள். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி நேராக அந்த மூலைக்குப் போனது. ஜன்னலுக்கு மேலே, சுவரின் பாரத்தைத் தாங்குகிற கான்கிரீட் விட்டத்தில் புதிதாக ஒரு கீறல். அது எல்லாவற்றிலும் மோசம்.

அறையிலுள்ள ஒவ்வொரு பொருளும் வீடு இறங்குகிறது என்றது. கண்ணாடி மட்டும் இல்லை என்றது.

அவள் முட்டி போட்டு அதன் அருகில் போனாள். வாசலில் நின்று பார்த்தபோது தெரியாதது இப்போது தெரிந்தது: சாந்து இத்தனை மாதமாகியும் பழுப்பேறாமல் பால் மாதிரி வெளுத்திருந்தது. கண்ணாடியின் ஓரத்தில் விரலை ஓட்டினாள். வழவழவென்று இருந்தது. கல்லில் தேய்த்து, ஓரத்தின் கூர் போக மழுக்கியிருந்தது. இவள் ஒட்டியது வெட்டின வெட்டோடு இருந்த துண்டு. யார் கையையும் கிழித்துவிடக் கூடாது என்று ஓரம் தேய்க்காமல் ஒரு கண்ணாடியைக்கூட வெளியே விடாத கை யாருடையது என்று யோசிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஃபிரேம் கடைக்காரர் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து நின்ற விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எப்போலேருந்து?" என்றாள்.

"முதல் பெரிய மழைக்கு மறுநாள். விடியக் காலையில தண்ணி குடிக்க எழுந்தேன். ரெண்டா விட்டிருந்துச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவ அன்னைக்குத்தான் மேடம் மாசக்கணக்குக்கு அப்புறம் அசந்து தூங்கினா. எழுந்ததும் அதைத்தான் பார்ப்பா. எப்படி மேடம் காட்டுறது? கடையில துண்டுக் கண்ணாடி கொட்டிக் கிடக்கு. அவ எழுறதுக்குள்ள மாத்திட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் உடைஞ்சுது. அப்புறமும் மாத்தினேன். எத்தனைன்னு எண்ணல."

"உடைஞ்ச துண்டுங்க எங்க?"

"கடைக் குப்பையோட போயிடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அவங்களுக்குத் தெரிய வேண்டாம், சரி. எனக்கு? எனக்குச் சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் நிஜமாகவே குழம்பிப்போய் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எதுக்கு மேடம் சொல்லணும்? நீங்கதான் தட்டிப் பார்த்தே உள்ள இருக்கிறதைக் கண்டுபிடிச்சிடுவீங்களே. அந்தக் கண்ணாடி நாங்க பார்த்துத் தெரிஞ்சுக்கத்தானே ஒட்டினீங்க? எங்களுக்குத்தானே அவ்வளவு நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தீங்க?"

அவளுக்கு அன்று சொன்னதெல்லாம் ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது. கண்ணாடி ஏன் நீளாது, ஏன் வளையாது, உடைந்தால் என்ன அர்த்தம், உடையாவிட்டால் என்ன அர்த்தம். உடைந்தால் தொடாதீர்கள், எனக்கு ஃபோன் பண்ணுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அதையெல்லாம் யாராவது சொல்ல வேண்டுமா என்று நினைத்திருந்தாள். நினைத்திருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது; தோன்றவே இல்லை.

"உடைஞ்ச துண்டு ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தா போதும். கம்பெனி உங்க வீட்டைத் தாங்கிப் பிடிச்சிருக்கணும்" என்றாள். இந்த ஒன்றை அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கல்லிலிருந்து எழுந்து கேட்டார்: "இப்போ புதுசா ஒண்ணு ஒட்டினா?"

"மழை நின்னுடுச்சுங்க. மண்ணு காஞ்சு இறுகுற நேரம் இது. அடுத்த மழை வரைக்கும் உடையாது. வருஷம் இந்த வாரத்தோட முடியுது."

அன்று மதியமே அவள் கம்பெனி ஆபீசுக்குப் போனாள். எஞ்சினியர் இளவயசுப் பையன்தான், மரியாதை தெரிந்தவன். எழுந்து நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். அவள் சாய்ந்த கதவு நிலை, கோலிக்குண்டு, விட்டத்துக் கீறல் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை இடைமறிக்காமல் கேட்டான்.

"கதவு மழையில ஊதியிருக்கும் மேடம், மரம்தானே. தரைச் சரிவு ஆரம்பத்திலேயே இருந்ததா, அப்புறம் வந்ததான்னு யாராவது அளந்து வெச்சிருக்காங்களா?"

"இல்ல. விரிசல் வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டாங்க."

"விட்டத்துல கீறல், ஜன்னலுக்குத் திரை மாட்ட அவங்க டிரில் போட்டதால வந்திருக்கலாம். அந்த வீட்டுச் சுவத்துல ஆணி இல்லாத இடமே இல்லியே மேடம்." அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். மழைக்காலம் முழுக்க அவள் எடுத்த படங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் முழுக் கண்ணாடி, ஒவ்வொன்றின் கீழும் அவள் கையெழுத்து. "நாங்க வேற யாரையாவது வெச்சுப் பார்த்திருந்தாக்கூட நீங்க ஒத்துக்க மாட்டீங்க. இது நீங்களே பார்த்தது. மழை முழுக்க அசைவில்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"கண்ணாடியை மாத்தியிருக்காங்க தம்பி. வீட்டுக்காரரே ஒத்துக்கிறார்."

"கடைசி வாரத்துல வந்து ஒத்துக்கிறார்." அவன் பெருமூச்சு விட்டான். "எனக்கு நம்பணும்னுதான் இருக்கு மேடம். மேல போய் நான் எதைக் காட்டுறது?"

அவள் எழுந்தாள். அவன் பக்கம் நியாயம் இருந்தது. அவளே அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பாள்.

மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் போனபோது, ஃபிரேம் கடைக்காரர் வாசலிலேயே மறித்தார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம். தீர்றது தீரட்டும். அவ தூங்கட்டும்."

"அந்த விட்டத்துக்கு அடியிலதாங்க உங்க கட்டில் இருக்கு."

அவர் வழியை விட்டார்.

சமையலறை வாசலில் நின்று டொக்கு அக்கா சொன்னாள். மூட்டை, அரிசி எதுவும் இல்லாமல், நாலே வாக்கியத்தில். அந்த அம்மாள் கையிலிருந்த பாத்திரத்தைத் துடைத்தபடியே கேட்டாள். முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் காலையில நான் அதைப் பார்க்கும்போது நீங்க என் பின்னாடிதானே நின்னீங்க?" என்று கணவரிடம் கேட்டாள்.

"ஆமா."

"'பார்த்தியா, கல்லு மாதிரி நிக்குது'ன்னு சொன்னீங்க."

"ஆமாம்மா."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "சரி, கட்டிலை எடுக்கணும்ல? வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

கட்டிலைத் திருகு கழற்றி நாலாகப் பிரித்து வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். பீரோதான் வரவில்லை. மூவரும் சேர்ந்து நகர்த்தி வாசல் வரை கொண்டுவந்தார்கள். நிலை சாய்ந்திருந்ததால் மேல் மூலை இடித்தது. படுக்கவைத்துப் பார்த்தார்கள், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு விரல் இடைவெளி போதவில்லை.

"வந்தப்போ நேரா உள்ள போச்சு" என்றார் ஃபிரேம் கடைக்காரர், யாரிடம் என்றில்லாமல். "தூக்கிட்டு வந்தவங்க எங்கேயும் இடிக்கல."

"விடுங்க, உள்ளயே நிக்கட்டும்" என்றாள் மனைவி. கதவைத் திறந்து துணிகளை அள்ளி அள்ளி வெளியே கொடுத்தாள். டொக்கு அக்கா வாங்கி வாங்கி நடு அறை நாற்காலியில் வைத்தாள். கணவர் வந்து கையை நீட்டியபோது ஒரு கணம் நிறுத்தினாள்.

"இனிமே எதையாவது ஒட்டணும்னா, என்னை எழுப்பிட்டு ஒட்டுங்க" என்றாள். பிறகு அவர் கையிலும் ஒரு கட்டுத் துணியை வைத்தாள்.

பீரோ காலியானதும் வெளியே வந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டொக்கு அக்காவைப் பார்த்தாள். அன்று முதல் நாள் கேள்வி கேட்ட அதே தெளிவான பார்வை.

"இந்த ரூம் போச்சு. அடுத்தது எது மேடம்?"

டொக்கு அக்காவுக்குப் பதில் தெரியும். ஒரு மூலை இறங்கினால் பாரம் எந்தச் சுவருக்கு மாறும், அந்தச் சுவர் எதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்பதெல்லாம் நேற்றே கணக்குப் போட்டாகிவிட்டது.

"நடு ரூம்" என்றாள்.

"எப்போ?"

"மழையைப் பொறுத்து."

அந்த அம்மாள் தலையை ஆட்டினாள். நாற்காலியில் அடுக்கியிருந்த துணிகளைக் கையால் இரண்டு முறை தட்டிச் சரி செய்தாள். பிறகு அவற்றை அப்படியே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு நடந்தாள். கணவர் மீதியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.